ஏழரைச் சுற்று நடை

எனக்கு நடக்கத் தெரியாது. அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. பொதுமக்கள் பார்த்துக்கொண்டிருக்க, வெள்ளைத் தொப்பி அணிந்த தலைமை நடுவர் சிவப்பு மட்டையைத் தூக்கிக் காட்டி அதிகாரபூர்வமாக அறிவித்த உண்மை இது. முதல் பிறந்த நாளுக்கு முன்பே நான் நடந்துவிட்டதாக என் அம்மா உறவுக்காரர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிவந்தாள். அந்தப் பெருமையோடு அவள் போய்ச் சேர்ந்தது ஒரு வகையில் நல்லதுதான்.

சென்ற வாரம் என் கடைவாய்ப் பல் பிடுங்கிய கதையைப் படித்த வாசகர் ஒருவர், உங்கள் உடம்பில் ஒழுங்காக வேலை செய்கிற பாகம் ஏதாவது உண்டா என்று அக்கறையோடு கேட்டிருந்தார். கால் என்றுதான் அவருக்குப் பதில் எழுதலாம் என்று இருந்தேன். பிறகுதான் அந்தத் தை மாதக் காலை ஞாபகத்துக்கு வந்தது.

முந்தின நாள் மாலை பெய்த மழையில் மைதானம் சொதசொதவென்று இருந்தது. நெஞ்சில் ஒரு துணி எண். நான்கு ஊக்கில் ஒன்று பனியனைத் தாண்டி என் சதையிலும் குத்தியிருந்தது. மூத்தோர் தடகளப் போட்டி. ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கான நடைப் போட்டி. பாதித் தூரம்கூட ஆகவில்லை, என்னை ஓரமாக வரச் சொல்லிவிட்டார்கள். பின்னால் வந்தவர் மரியாதையாக, "வழி விடுங்க சார்" என்று சொல்லிக்கொண்டு நடந்து போனார்.

ஏன் வெளியேற்றினார்கள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. புரிவதற்குள் இன்னொருவருடைய வாழ்க்கையிலும் அதே சிவப்பு மட்டை ஏறக்குறைய விழுந்துவிட இருந்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

நடப்பது என்றால் என்ன?

சர்க்கரை என் ரத்தத்தில் குடியேறிய வருஷம் அது. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். நடந்தேன். ஆனால் எதையும் சும்மா செய்வது என் சுபாவத்தில் இல்லை. வாழைக்காய் வாங்கக் கடைக்குப் போனாலும் வாழையின் வரலாற்றைப் படித்துவிட்டுத்தான் போவேன். அதற்குள் வாழைக்காய் தீர்ந்துபோயிருக்கும். நடையைப் பற்றியும் நாலைந்து புத்தகம் படித்தேன். அப்போதுதான் நடையிலும் பந்தயம் உண்டு என்று தெரிந்தது.

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திர ஆசிரியன். எங்கள் ஆசிரியர் அறையில் ஜன்னலோர நாற்காலி விளையாட்டு ஆசிரியை ஜமீலாவுடையது. பாலக்கரைக்காரர். நாற்பத்தைந்தைத் தாண்டியவர். கணவர் ஷார்ஜாவில் கிரேன் ஓட்டுகிறார். நான் நடைப் போட்டி என்ற ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்துவிட்ட பெருமையில் ஒரு மத்தியானம் பேசிக்கொண்டிருந்தபோது, டிபன் பாக்ஸை மூடிவிட்டு நிதானமாக, "நான் அதுல மாவட்ட பர்ஸ்ட் சார்" என்றார். எப்போது என்று கேட்டேன். ஸ்கூல் படிக்கும்போது என்றார்.

இந்த நடைக்கு இரண்டே விதிகள் என்று விளக்கினார். எந்த நொடியிலும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும். முன்னால் வைக்கிற காலின் முட்டி மடங்கக் கூடாது. இரண்டு காலும் ஒரே சமயத்தில் தரையை விட்டால் அது ஓட்டம், குற்றம். மைதானத்தைச் சுற்றி நடுவர்கள் நிற்பார்கள். மூன்று நடுவர்கள் தனித்தனியாகச் சிவப்பு அட்டை எழுதிவிட்டால், தலைமை நடுவர் சிவப்பு மட்டையைக் காட்டுவார், ஆள் வெளியே.

வீட்டில் போய் இதைச் சொன்னேன். என் மனைவி செல்வி புளி கரைத்துக்கொண்டிருந்தாள். "ஊர்ல எல்லாரும்தான் நடக்குறாங்க. யாருக்கும் மெடல் குடுக்குறதில்லையே" என்றாள். பிறகு, பாத்ரூமுக்குப் போகிற அவசரத்தில் இருப்பவன் நடக்கிற மாதிரியே இருக்கிறது என்று என் செய்முறை விளக்கத்தைப் பற்றியும் கருத்துச் சொன்னாள். அதைவிடத் துல்லியமான வர்ணனையை நான் படித்த நாலைந்து புத்தகங்களில் எதிலும் பார்க்கவில்லை.

மாவட்ட மூத்தோர் போட்டி தை மாதம் என்று தெரியவந்தது. அதில் முதல் இரண்டு இடத்தில் வருகிறவர்கள் மாநிலப் போட்டிக்குப் போகலாம். டீச்சர் பெயர் கொடுத்தார். துணைக்கு நானும் கொடுத்தேன். அவருடைய காலைப் பின்னாலிருந்து கவனித்து, தரையை விடுகிறதா என்று சொல்வது என் வேலை. இப்படியாக, சரித்திர ஆசிரியன் ஒரே இரவில் பயிற்சியாளனும் ஆனேன்.

எங்கள் ஊர்க் குளிர்

வெளியூர்க்காரர்கள் சிரிக்க வேண்டாம். திருச்சியிலும் குளிர்காலம் உண்டு. சித்திரை வெயிலில் தார் ரோட்டில் செருப்பில்லாமல் சாவகாசமாக நின்று ஊர்க்கதை பேசுகிறவன், கார்த்திகையில் முதல் பனி இறங்கியதும் காதில் பஞ்சு அடைத்துக்கொள்வான். குரங்குக் குல்லாய் வெளியே வரும். பரணிலிருந்து இறங்கும் ஸ்வெட்டரில் போன வருஷத்து அந்துருண்டை மணக்கும். ஆறு மணிக்கு மேல் வெளியே போகிறவனைப் பார்த்து, "தலையில பனி இறங்கிடும்பா" என்று வீட்டுக்கு வீடு எச்சரிக்கை ஒலிக்கும். இமயமலை ஏறுகிறவர்களுக்குக்கூட யாரும் இத்தனை அக்கறையாகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

என்னிடம் இருந்த குரங்குக் குல்லாய் காப்பிப்பொடி நிறம். அதற்கு மேல் மப்ளர். அதற்குக் கீழே இரண்டு ஸ்வெட்டர். முதல் நாள் பயிற்சிக்கு இந்தக் கோலத்தில் கிளம்பியபோது தெருநாய்கள் குரைக்கவில்லை, எழுந்து வழிவிட்டன.

ஆனால் அந்த வருஷம் பனிக்கு முன்னால் மழை வந்தது. சும்மா வரவில்லை. ஒரு காற்றழுத்தத் தாழ்வு போவதற்குள் அடுத்தது வாசலில் நின்றது. டவுனில் நாங்கள் போன மைதானம் ஏரியாகிவிட்டது. மூன்றாவது தடத்தில் ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்றது. ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும் என்ற விதியை அங்கே முறையாகக் கடைப்பிடித்தது அது ஒன்றுதான்.

டீச்சர் விடவில்லை. மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு காவிரிப் பாலத்தின் நடைபாதையில் போய்ப் பார்த்தார்; லாரி அடித்த சேற்றுத் தண்ணீர் முகத்தில் அறைந்தது. வீட்டு மொட்டை மாடியில் சுற்றிப் பார்த்தார். கீழ் வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். பாலக்கரையில் விடியற்காலையில் தனியாக ஒரு பெண் தெருவில் வேகமாக நடந்தால், ஒன்று நாய் துரத்தும், அல்லது தெரிந்தவர் யாராவது வண்டியை நிறுத்தி ஆஸ்பத்திரிக்கா என்று கேட்பார்.

ஒரு வாரம் அவருக்கு நெஞ்சில் சளி கட்டி, மூச்சு விடும்போது விசில் அடித்தது. விட்டுவிடலாமே டீச்சர் என்றேன். அவர் மிளகுக் கஷாயத்தைப் பிளாஸ்கிலிருந்து ஊற்றிக் குடித்தார். எனக்கும் ஒரு மூடி கொடுத்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மார்கழி பிறந்ததும் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. என் வாழ்நாளில் தோன்றிய சிறந்த யோசனை என்று அப்போது நினைத்தேன். நான் இருப்பது ஸ்ரீரங்கத்தில். கோயிலைச் சுற்றி நூல் பிடித்த மாதிரித் தெருக்கள். நான்கு திருப்பம் திரும்பினால் ஒரு சுற்று. மழை நின்றால் அரை மணியில் காய்ந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, மார்கழியில் விடியலுக்கு வெகு முன்னாலேயே அங்கே வீட்டுக்கு வீடு பெண்கள் வாசலில் இருப்பார்கள். ஜில்லாவில் அந்த நேரத்தில் ஒரு பெண் பயமில்லாமல் நடக்க அதைவிடப் பத்திரமான தெரு கிடையாது.

டீச்சருக்கு ஒரு தயக்கம். "நான் வந்தா யாரும் ஏதாவது நினைப்பாங்களா சார்?" என்றார்.

என் நடையைப் பார்த்துவிட்டு உங்களைப் பற்றி யோசிக்க யாருக்கும் நேரம் இருக்காது என்று சொன்னேன்.

மயிலின் கழுத்து

முதல் நாள் அவர் ஸ்கூட்டியில் பாலத்தைத் தாண்டி வந்து சேர்ந்தபோது கண்ணாடி முழுக்கப் பனிப்புகை. துப்பட்டாவைத் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தார். விளக்குக் கம்பத்தடியில் பனி மாவு சலிப்பதுபோல விழுந்துகொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் பாசுரம். எங்கோ நெய்யில் மிளகு பொரியும் வாசனை. அந்த மாதம் முழுக்க என் வேகத்தைப் பாதித்தது அந்த வெண்பொங்கல் வாசனைதான்.

நடந்தோம். அவர் முன்னால், நான் பின்னால். இடுப்பு ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம், முழங்கை மடக்கி, பாதம் ஒரே கோட்டில் விழ அவர் போனது பார்க்க விசித்திரமாக இருந்தாலும் அதில் ஒரு தாளம் இருந்தது. நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியாது. மூன்றாவது தெருவில் என் வலது கால் எதிலோ சறுக்கி நின்றது.

"கண்ணாடி போட்டுண்டிருக்கேளோன்னோ?" என்று குரல் வந்தது. குனிந்து பார்த்தேன். தெருவின் பாதி அகலத்துக்கு ஒரு மயில். தோகை முடிந்து, உடம்பு முடிந்து, கழுத்தின் மேல் என் பூட்ஸ். "போட்டுண்டும் மயில் கழுத்தை நெரிச்சுட்டேளே."

அதுதான் பத்மா மாமி. என் வயதுதான் இருக்கும். ஆனால் அந்தத் தெருவில் அவர் வைத்ததுதான் சட்டம். இடது கையில் கோலப்பொடிக் கிண்ணம், புடவையை இழுத்துச் செருகியபடி நின்ற அவர் முன்னால், பத்தாம் வகுப்பு மாணவனாகிப் போய் மன்னிப்புக் கேட்டேன். மாமி மன்னிக்கவில்லை. உட்கார்ந்து கழுத்தைத் திருத்தினார். அது வாத்தாகிவிட்டது.

டீச்சர் என்னைவிட அதிகம் சங்கடப்பட்டார். அன்று திரும்பும்போது, "இந்தப் பனியில எந்திரிச்சு, முதுகை வளைச்சுப் போடுறாங்க சார். நாம வெளியில இருந்து வந்து மிதிச்சா நல்லாருக்காது" என்றார். வெளியில் இருந்து வந்தவர் அவர். மிதித்தது உள்ளூர்க்காரனான நான். இருந்தாலும் பன்மையில் சொன்னது அவருடைய பெருந்தன்மை.

அன்றிலிருந்து ஒரு விரதம் மாதிரி ஆகிவிட்டது. ஒரு கோலத்தையும் மிதிப்பதில்லை. சின்னப் புள்ளிக் கோலம் என்றால் ஓரமாகப் போய்விடலாம். ஆனால் மார்கழி ஏற ஏறக் கோலமும் வளர்ந்தது. எதிரெதிர் வீட்டுக்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு தெருவின் நடுவே வந்து சந்தித்தார்கள். நடுவில் சாணி உருண்டையில் பூசணிப்பூ வேறு. சில இடத்தில் தெருவுக்குக் குறுக்கே வெள்ளைக் கோடு ஒன்றாவது ஓடும். அங்கே ஒரு சின்ன எகிறல். தாண்டியதும் மறுபடி நடை. நாளாக ஆக அந்த எகிறலும் நடையோடு நடையாகக் கலந்துவிட்டது. சொல்லப்போனால் கொஞ்சம் அழகாகவே இருந்தது.

டீச்சருடைய காலைக் கவனிப்பதுதான் என் வேலை என்று சொன்னேன் அல்லவா? நான் அவர் காலைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமி மேல் அவ்வளவு பயம்.

மாமிக்கும் மெல்ல மெல்ல எங்கள் மேல் ஒரு பிரியம் வந்தது. முதலில் டீச்சரிடம் இடுப்பில் வாயுப் பிடிப்பா என்று விசாரித்துப் பூண்டு வைத்தியம் சொன்னார். போட்டிக்குப் பயிற்சி என்று டீச்சர் சொன்னதும், "ஓஹோ" என்றார். அதன் பிறகும் பூண்டு வைத்தியத்தையே தொடர்ந்து சொன்னார். எங்களைத் தூரத்தில் பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, ஸ்கூட்டரை எடுத்து வழி விடச் சொல்வார். ஷார்ஜாவில் இருக்கும் கணவரின் பெயர், அங்கே குளிருமா, சாதம் யார் வடிக்கிறார்கள் எல்லாம் மாமிக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. அந்தக் கணவரும் தினமும் போனில், "பனி விழுது, தலைய மூடிக்க" என்று மனைவிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பாலைவனத்தில் உட்கார்ந்திருந்தாலும் ஆள் திருச்சிக்காரர் அல்லவா.

வராத பஸ்

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, நடை முடிந்து காப்பிக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தோம். டம்ளரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்து அதன் சூட்டில் குளிர் காய்ந்துகொண்டிருந்தார் டீச்சர். மாவட்ட பர்ஸ்ட் என்றீர்களே, அப்புறம் மாநிலப் போட்டிக்குப் போனீர்களா என்று சும்மா கேட்டேன். இத்தனை நாள் கேட்காமல் இருந்ததே ஆச்சரியம். என் நடையைப் பற்றிப் பேசுவதிலேயே எனக்கு நேரம் போயிருந்தது.

போகவில்லை என்றார். பதினேழு வயது. இதே மாதிரி ஒரு மழைக்காலம். அவருடைய வாப்பா பள்ளிக்கூடத்துக்கே வந்து கையெழுத்துப் போட்டு, மகளைத் தானே அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறார். விடியற்காலையில் இரண்டு பேரும் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் போய் நின்றார்கள். வெள்ளம் ரோட்டை அறுத்துவிட்டதால் அந்தப் பக்கம் போகிற பஸ் எதுவும் வரவில்லை. வரும் வரும் என்று மத்தியானம் வரை நின்றார்கள்.

"வழியில திங்கிறதுக்குன்னு வாப்பா ஒரு சீப்புப் பழம் வாங்கியிருந்தாங்க. நின்ன இடத்துலயே ரெண்டு பேரும் தின்னு முடிச்சோம். அப்புறம் தோலைப் போட்டுட்டு வீட்டுக்கு வந்துட்டோம்."

அவ்வளவுதான் சொன்னார். அடுத்த வருஷம் கல்யாணம். பிள்ளைகள். பிறகு இந்த வேலை. மகன் இப்போது பெங்களூரில் இருக்கிறான். வாப்பா மட்டும் கடைசிவரை, மழை வந்தால் போதும், அந்தப் பஸ்காரனைத் திட்டுவாராம். "பஸ்ஸே வரல, இதுல யாரைத் திட்டுறாங்கன்னு எனக்குத் தெரியாது சார்" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சர்க்கரை போடாத காப்பி வழக்கத்தைவிடக் கசந்தது. நான் ஏதோ வேடிக்கைக்கு வந்தவன். பக்கத்தில் நின்றவர் முப்பது வருஷமாக ஒரு பயணத்தைப் பாதியில் வைத்திருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

சுண்ணாம்பு

போட்டிக்கு முந்தின நாள், பொங்கல் முடிந்து மூட்டை கட்டியிருக்க வேண்டிய மழை, மறந்து வைத்த குடையை எடுக்க வருபவர்போல ஒரு நடை வந்து போனது. மைதானத்துக் கோடுகள் அழிந்துவிட்டன. காலையில் பணியாளர்கள் இரண்டு பேர் ஈர மண்ணைச் சமன்செய்து, சுண்ணாம்புப் பொடியைத் தூவிப் புதிதாகக் கோடு போட்டார்கள். தடங்களுக்கு நீளக் கோடு. ஓட்டங்கள் தொடங்கும் இடத்தில், தொடரோட்டத்தில் கட்டை மாற்றும் இடத்தில் என்று அங்கங்கே குறுக்குக் கோடு. கறுத்த ஈரத் தரையில் பளீரென்று வெள்ளை. பார்க்க மங்களகரமாக இருந்தது. அந்த வார்த்தை தோன்றியபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மூவாயிரம் மீட்டர். நானூறு மீட்டர் தடத்தில் ஏழரைச் சுற்று. வேறு எந்த ஊர்க்காரனுக்கும் இது வெறும் கணக்கு. நமக்குத்தான் ஏழரை என்றதும் சனீஸ்வரர் ஞாபகம் வருகிறது.

என் ஏழரை மூன்றரையிலேயே முடிந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன். கோபத்தோடு குல்லாயை மாட்டிக்கொண்டு மைதானத்து ஓர டீக்கடைக்குப் போய்விட்டேன். உள்ளே பெண்களுக்கான போட்டி தொடங்கிவிட்டது என்று ஒலிபெருக்கி சொன்னது. பார்க்கப் போகத்தான் வேண்டும். ஆனால் சிவப்பு மட்டை வாங்கிய முகத்தோடு டீச்சருக்குத் தைரியம் சொல்லப் போவது எப்படி?

அப்போது ஒரு நடுவர் டீ குடிக்க வந்தார். எனக்குச் சிவப்பு அட்டை எழுதிய மூவரில் ஒருவர். ஆண்கள் போட்டியோடு அவருக்கு வேலை முடிந்துவிட்டதாம். என்னை அடையாளம் கண்டுகொண்டு, பக்கத்தில் வந்து நின்றார். சொந்த ஊர் எடமலைப்பட்டி புதூர் என்று அறிமுகம் செய்துகொண்டார். நான் முகம் கொடுக்கவில்லை.

"கோவிச்சுக்காதீங்க சார்" என்றார். "மத்த இடத்துல நல்லாத்தான் வர்றீங்க. குறுக்க வெள்ளைக் கோடு வந்தா மட்டும் எகிறிக் குதிக்கிறீங்க. அங்க என்ன கோலமா போட்டிருக்கு?"

டீயை அப்படியே பெஞ்சில் வைத்தேன்.

மைதானத்து அறிவிப்புப் பலகையில் ஒவ்வொருவர் எண்ணுக்கும் எதிரே சிவப்பு அட்டைகளைக் குறித்திருந்தார்கள். ஜமீலா டீச்சர் எண்ணுக்கு எதிரே இரண்டு. இன்னும் ஒன்று விழுந்தால் பஸ் மறுபடியும் வராது.

ஓடினேன். அந்தக் குளிர்காலம் முழுவதும் ஓடக் கூடாது என்று பழகியவன், குரங்குக் குல்லாயோடு, மப்ளர் பின்னால் பறக்க, ஈர மண்ணில் ஓடினேன். வளைவை எட்டியபோது டீச்சர் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். இரண்டு அட்டையும் விழுந்த பிறகு பயந்துபோய் வேகத்தைக் குறைத்திருக்கிறார். நான்காவது இடம். என்ன தப்பு என்று புரியாமல், முட்டியைத்தான் மேலும் மேலும் விறைப்பாக வைத்துக்கொண்டிருந்தார். என் கண் முன்னாலேயே ஒரு குறுக்குக் கோட்டை நெருங்கினார். ஒரு சின்ன, அழகான எகிறல். நல்லவேளை, அந்த இடத்தில் நின்ற நடுவர் ஏற்கனவே அவருக்கு ஒரு அட்டை எழுதியவர். ஒரு நடுவர் ஓர் ஆளுக்கு ஒரு அட்டைதான் எழுத முடியும்.

"கோட்டை மிதிங்க டீச்சர்" என்று கத்தினேன். அவருக்குக் காதில் விழுந்தது, புரியவில்லை. வேலியோரம் நின்ற ஒரு பெரியவர், கோட்டை மிதித்தால் அவுட் ஆகிவிடுவார்கள், தப்பாகச் சொல்லிக்கொடுக்காதீர்கள் என்று என்னைக் கண்டித்தார்.

மைதானத்தின் உள்பக்கமாகக் குறுக்கே ஓடி அடுத்த நேர்ப்பகுதிக்குப் போனேன். காவலர் ஒருவர் பின்னாலேயே விசில் அடித்துக்கொண்டு வந்தார். டீச்சர் நெருங்கியதும், மூச்சு வாங்க, என்னால் முடிந்த அளவு தெளிவாகச் சொன்னேன்.

"அது கோலம் இல்ல டீச்சர். சுண்ணாம்பு. மிதிங்க."

டீச்சர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து தரையைப் பார்த்தார். அந்த முகத்தில் வந்ததை என்னவென்று சொல்ல? நாள் கணக்காகத் தேடிய மூக்குக் கண்ணாடி நெற்றியிலேயே இருப்பதைக் கண்டுபிடித்தவர் முகம் மாதிரி என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அடுத்த கோடு வந்தது. கால் எழும்பப் பார்த்தது. இடுப்புவரை அந்தத் துடிப்பு ஓடியது எனக்குத் தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு இடது குதிகாலைக் கோட்டின் நட்டநடுவில் வைத்தார். வெள்ளைப் பொடி ஈர மண்ணோடு நசுங்கியது. அடுத்தது வலது. அங்கே நின்ற பெண் நடுவர், அட்டையும் பேனாவும் தயாராக வைத்திருந்தவர், குனிந்து பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார்.

அதற்கப்புறம் டீச்சர் நடந்ததை நடை என்று சொல்வது குறைவு. இரண்டு சுற்று பாக்கி இருந்தது. நெஞ்சில் விசில் சத்தம் எனக்கே கேட்டது. மூன்றாவதாகப் போனவரைத் திருப்பத்தில் தாண்டினார். இரண்டாவதாகப் போனவரைக் கடைசி அரைச் சுற்றில் தாண்டினார். முதலில் போன உயரமான பெண்மணியை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அவர் அந்நேரம் முடித்துவிட்டு வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். முடிவுக் கோடும் வெள்ளைக் கோடுதான். அதையும் மிதித்துக்கொண்டுதான் டீச்சர் இரண்டாவதாக வந்து சேர்ந்தார்.

ஈரத் தரை என்றும் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டார். ஷூ கணுக்கால் வரை வெள்ளையாக இருந்தது. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். காவலரும் வந்து நின்றார். நிலைமையைப் பார்த்துவிட்டு விசிலைப் பையில் போட்டுக்கொண்டார்.

மூச்சு திரும்பியதும், "மிதிக்கும்போது மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு சார். மாமி எங்கயோ நின்னு பாத்துட்டிருக்குற மாதிரியே இருந்துச்சு" என்றார். பிறகு துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டார். நான் அறிவிப்புப் பலகையைப் படிப்பது மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அதில் என் எண்ணுக்கு எதிரே மூன்று சிவப்பு.

அன்று சாயங்காலம் அவர் ஷார்ஜாவுக்குப் போன் செய்தபோது கணவர் முதலில் கேட்டது, தலைக்குக் குல்லாய் போட்டிருந்தாயா என்றுதானாம். அப்புறம் விஷயம் தெரிந்ததும், பக்கத்தில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுச் சொல்ல ஆரம்பித்துவிட்டாராம். போனை மறந்துவிட்டாரோ என்று இவர் ஹலோ ஹலோ என்றிருக்கிறார்.

மறுநாள் காலை பனி லேசாகத்தான் இருந்தது. மார்கழி போய்விட்டதால் தெருவில் கோலங்கள் வழக்கமான அளவுக்குச் சுருங்கியிருந்தன. டீச்சர் ஸ்கூட்டியில் அரைக் கிலோ மைசூர்பாகோடு வந்தார். நாங்கள் நேரே பத்மா மாமி வீட்டு வாசலுக்குப் போனோம். மெடலை எடுத்து மாமி உள்ளங்கையில் வைத்தார் டீச்சர். மாமி வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் இடையில் புகுந்து, மாவட்டத்திலேயே இரண்டாவது, மாநிலப் போட்டிக்குப் போகிறார், என்று கொஞ்சம் உரக்கவே அறிவித்தேன். எதிர்வீட்டுக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

மாமிக்கு உண்மையிலேயே சந்தோஷம். டீச்சர் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். மெடலைத் திருப்பிக் கொடுத்தார். அப்புறம் ஏதோ உறுத்தியவர்போல எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எல்லாம் சரி. கொஞ்சம் ஓடியிருந்தா முதலாவதாவே வந்திருக்கலாமே."